நீச்சல்குளக் காகிதமும் என் கன்னமும்

என் முகம் உரிய ஆரம்பித்தபோது எனக்கு வந்தது வருத்தம் இல்லை, ஆத்திரம். கேரளாவில், கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு பியூட்டி பார்லரில் ஏழு வருடமாக ஊரார் முகத்துக்கெல்லாம் ஃபேஷியல் செய்கிறவள் நான். என் கன்னமே செதில் செதிலாக இருந்தால் யார் என்னிடம் முகத்தைக் கொடுப்பார்கள்?

பார்லர் நடத்தும் சேச்சி நல்லவர்தான். ஆனால் தொழில் என்று வந்தால் தாட்சண்யம் பார்க்கமாட்டார். மழைக்காலத்தில் ஒரு காலை என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“மோளே, ஈ மொகத்தோட நீ கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் இட்டா ஆள்க்கார் எந்தா நினைக்கும்? சிங்ஙம் தொடங்கறதுக்குள்ள சரியாகணும். அதுவரைக்கும் நீ பின்னாடி தலை கழுவுற எடத்துல நின்னோ.”

மணப்பெண் நாற்காலி என் நாற்காலி. மூன்று வருடம் கெஞ்சி வாங்கியது. சிங்ஙம் மாதத்தில்தான், நம் ஆவணியில், இங்கே கல்யாணங்கள் குவியும். அதற்கு ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் தேறாவிட்டால் நாற்காலி வேறொருத்திக்குப் போய்விடும்.

உரிவது அழுக்கால்தான் என்று நினைத்து மூன்று வேளையும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கழுவியதும் தோல் விறைத்து இழுக்கும். அந்த இழுப்புதான் சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல்குளம் பார்த்துக்கொள்கிறவர். இருவரும் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தினமும் காலையில் குளத்துத் தண்ணீரில் ஒரு காகிதத் துண்டை முக்கி, அது மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு பி.எச். என்னவென்று பார்ப்பார். ஏழு நடு. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். என் புலம்பல் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்து, சோப்புப் போட்ட என் ஈரக் கன்னத்தில் ஒட்டினார். கருநீலம்.

“ஏ அம்மா! இது கொளமா இருந்தா இன்னைக்கு ஒரு பிள்ளையையும் எறங்க விடமாட்டேன். பி.எச். ஏறிக் கெடக்கு பாத்துக்கோ. ஆசிட் விட்டா எறங்கிரும்.”

குளத்துக்கு அதுதான் வைத்தியம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஸ்பூனால் அளந்து, பொறுப்பாகத் தடவினார். நானும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினேன். பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் நான் செய்த பெரிய மடத்தனம் அதுதான். எரிந்த எரிச்சலில் வீடு இரண்டாகும்படி கத்தினேன்.

“ஒங்க வைத்தியத்த ஒங்க கொளத்தோட வச்சிக்கிடுங்க!”

மறுநாள் கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. மூன்று நாள் லீவு போட்டுச் சோப்பும் இல்லாமல், எலுமிச்சையும் இல்லாமல், வெறும் தண்ணீரோடு விட்டேன். நான்காம் நாள் காலை முகம் கழுவுமுன், ஒரு பிடிவாதத்தில், காகிதத்தை ஃபில்டர் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் ஒட்டினேன். மஞ்சள். அட்டையில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே.

யாரும் எதையும் ஊற்றவில்லை. தோல் தானாகவே அங்கே வந்து நின்றிருந்தது. குளத்தைச் சரிசெய்ய ஆள் வேண்டும், தோலுக்கு வேண்டாம். கொஞ்சம் அமிலமாக இருப்பதுதான் அதன் இயல்பு. மூன்று வேளையும் சோப்பால் அதை மேலே விரட்டியவள் நான். ஒரேயடியாகக் கீழே தள்ளியவர் அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பார்லருக்குத் திரும்பியதும் வேட்டையில் இறங்கினேன். அலமாரியில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நுரைக்கவைத்துக் காகிதத்தை முக்கினேன். கட்டிச் சோப்புகள் எல்லாம் நீலம். மூலிகை என்று இலைப் படம் போட்டிருந்ததும் நீலம். யாரும் சீண்டாத மூலையில், வாசனையில்லாத ஒரு ஃபேஸ்வாஷ் மட்டும் என் கன்னத்தின் அதே மஞ்சளைக் காட்டியது. அதை எடுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒருமுறைதான், தேய்க்காமல். பிறகு வாசனையில்லாத ஒரு க்ரீம். அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் இழுப்பு நின்றது. நான்காவது வாரம் செதில் இல்லை.

சிங்ஙம் பிறந்தது. முதல் மணப்பெண்ணோடு வந்த அவள் அம்மா, பின்னால் துண்டோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஈ குட்டி நல்லா செய்யுமோ?” என்று சேச்சியிடம் கேட்டார். என்னைப் பின்னால் போகச் சொன்ன அதே சேச்சி என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். முன்பு போலவே முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“இவளோட மொகம் கண்டோ? இதைப் பார்த்துட்டு நீங்களே பறயணும்.”

அந்த அம்மா கிட்டே வந்து பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று நானும் அசையாமல் நின்றேன். பிறகு தன் மகளின் தோளைப் பிடித்து, அவளை என் நாற்காலியில் உட்காரவைத்தார்.