வெள்ளையனின் நெஞ்சடிப்பு

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில் வெள்ளையனைப் போல ஒரு யோக்கியனைப் பார்க்க முடியாது. அவனைப் போல அடிக்கடி திருட்டுப் பட்டம் வாங்கியவனையும் பார்க்க முடியாது. எல்லாம் அவன் நெஞ்சு செய்த வேலை.

அவன் ஊரில் ஒரு வழக்கம். களவுப் பேச்சு எழுந்தால், சந்தேகப்பட்டவனைக் கோயில் முன்னால் நிறுத்துவார்கள். அவன் வீட்டு ஆளே அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, படபடக்கிறதா இல்லையா என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். படபடத்தால் குற்றவாளி. ஊரே முறைத்துக்கொண்டு நின்றால் யார் நெஞ்சுதான் படபடக்காது என்று கேட்கக் கூடாது. மற்றவர்களுக்கெல்லாம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். வெள்ளையனுக்கோ காலையில் நாய் குரைத்தால் மத்தியானக் கஞ்சி வரைக்கும் அடித்துக்கொண்டிருக்கும். சின்ன வயதில் ஒருமுறை யாரோ வீட்டுப் பலாப்பழம் காணாமல் போனபோது, பெற்ற தாயே கை வைத்துப் பார்த்து, "அடிக்குதுங்க சாமி" என்று அழுதாள். பழத்தைத் தின்ற கரடி சாட்சி சொல்ல வரவில்லை.

இந்தத் தை மாதம் பக்கத்துக் காட்டுப் பாவாயி பாறையில் காயப்போட்டுக் கட்டி வைத்திருந்த மிளகு மூட்டையைக் காணோம். அந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு மூட்டையோடு போனவன் வெள்ளையன். போதாதா? இந்த முறை கை வைத்தவள் அவன் மனைவி இருசாயி. வைத்தவள் கையை இன்னும் அழுத்திப் பார்த்தாள். பிறகு, "அடிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

இனி திருவிழாவில் அவன் சாமி தூக்கக் கூடாது என்றார் ஊர்க்கவுண்டர் ராசப்பன். அதை வெள்ளையன் பொறுத்துக்கொண்டான். அந்தக் கை விலகியதைத்தான் பொறுக்க முடியவில்லை. இருபது வருடம் குடித்தனம் நடத்தியவள், அன்றிலிருந்து முகம் பார்க்காமல் சோறு போட்டாள்.

ஆனாலும் அவன் நெஞ்சு மறுநாளும் அடங்காததைப் பார்த்துப் பயந்து, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். டாக்டர் யமுனா ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பயப்பட ஒண்ணுமில்லீங்க. இதயத்துக்குள்ளயே குட்டிக் குட்டியா நரம்பு செல்லுங்க கூட்டங்கூட்டமா இருக்கு. நாம பயந்தா நரம்பு நுனியில ரெண்டு விதமான சரக்கு வெளிய வரும். ஒண்ணு வேகமா வேலை செஞ்சுட்டுச் சீக்கிரமே போயிரும். இன்னொண்ணு, பயம் பலமா இருந்தாத்தான் வரும். நியூரோபெப்டைடுன்னு பேரு, புரதத்தோட சின்னத் துணுக்கு. அது லேசுல போகாது. அதுல சிலது அந்த செல்லுங்களை உசுப்பி விட்டுரும், சும்மா தொட்டாலும் துள்ளும். சிலது, இதயத்தை அடக்குற நரம்பையே வேலை செய்ய விடாது. பயம் போயிருக்கும், படபடப்பு போகாது."

"அப்ப, தப்புப் பண்ணாட்டியும் அடிக்குமுங்களா?" என்று கேட்டாள் இருசாயி.

"தப்பு, சரியெல்லாம் அதுக்கு எங்கம்மா தெரியும்?"

பஸ்ஸில் ஊர் வந்து இறங்கியதும் இருசாயி நேரே ராசப்பன் வீட்டுக்குப் போய், இன்னொரு தடவை கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அவர் குறித்துக் கொடுத்த நாளில் வெள்ளையனைக் காலையிலேயே கோயிலுக்குப் பக்கத்தில் மரத்தடியில் உட்காரவைத்தாள். நாய்களை விரட்டினாள். பேச வந்தவர்களையும் விரட்டினாள். வெயில் ஏற ஏற அவன் நெஞ்சு குளத்துத் தண்ணீர் போல அடங்கிவிட்டது. அவனுக்கே பெருமையாக இருந்தது.

"வெள்ளையா, வாப்பா" என்றார் ராசப்பன்.

அவ்வளவுதான். பழைய குதி குதிக்க ஆரம்பித்துவிட்டது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இருசாயியின் கை வந்து உட்கார்ந்தது. அதன் அடியில் அவன் நெஞ்சு பொறியில் மாட்டிய எலியாகத் துள்ளியது.

"இல்லீங்க கவுண்டரே, கல்லாட்டம் கெடக்குது" என்றாள் இருசாயி, ஊருக்கே கேட்கும்படி. கையை எடுக்கவில்லை.

பனியில் நனையுமென்று பாவாயி புருசன் அந்த மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டுச் சேந்தமங்கலத்துக்கு வேலைக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்து, "இன்னும் எறக்கலியா?" என்று கேட்டது அதற்கப்புறம்தான். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது, இருசாயிக்கும் தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழியில் வெள்ளையனால் அடக்க முடியவில்லை. "ஏம்புள்ள, சாமி முன்னால பொய் சொல்லிப்போட்டியே?"

"உங்க நெஞ்சு பொறந்ததுலருந்து பொய் சொல்லுது. அதைச் சாமி ஒண்ணுஞ் சொல்லலையே. நான் ஒருக்கா சொன்னா மட்டும் கோவிச்சுக்குமாக்கும்?"

அவள் முன்னால் நடந்தாள். அவன் நெஞ்சு வீடு வந்து சேர்ந்த பிறகும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. இந்தத் தடவை அடங்க வேண்டுமென்று அவனுக்கும் தோன்றவில்லை.