எடுப்புப்பல் பலகை

கள்ளிக்குப்பத்தில் என் வீட்டுத் தண்ணீர் சம்புக்கு மூடியாகக் கிடப்பது ஒரு பழைய பிளைவுட் பலகை. புரட்டினால் உள்பக்கத்தில் ஒருவன் எடுப்புப்பல்லைக் காட்டி இளிப்பான். வரைந்தவன் நான்தான்.

எண்பத்தேழில் மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒன்றில் பெயின்டராக இருந்தேன். ராணுவத்தின் சுடும் பயிற்சிக்கு ஆள் உயரப் பலகைகள் செய்து கொடுத்தோம். வெறும் கறுப்பு உருவம் போதும் என்பதுதான் உத்தரவு. இலங்கைக்குப் போன நம் ராணுவம் அங்கே சண்டையில் இறங்கிய பிறகு, பலகை எடுக்க வந்த ஹவில்தார் அதோடு விடவில்லை. எங்கள் தெருக்காரர், ஆவடியிலேயே வளர்ந்தவர். "இன்னா மாமே, சப்புனு கீது? பல்லு வை, லுங்கி கட்டி வுடு. பசங்க சிரிச்சிகினே சுடட்டும்" என்றார். நானும் உற்சாகமாக வரைந்து தள்ளினேன். பயிற்சியில் ஒரு குண்டும் தப்பவில்லையாம். வெட்டவெளியில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற கோமாளியைச் சுட என்ன கஷ்டம்?

அவர் பிரிவுக்கும் இலங்கைக்குப் போக உத்தரவு வந்தது. புறப்படும்போது அவர் மனைவி அழுதார். "லுங்கி கட்ன பசங்கமே. பத்து நாள்ல வந்துடுவேன்" என்று சிரித்தார் இவர்.

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அந்த அம்மாள் தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்பார். பொங்கல் கழிந்து ஒரு கடிதம் வந்தது. அதில் எனக்கும் ஒரு வரி: "பெயின்டரிடம் சொல், இனிமேல் பல் வரைய வேண்டாம்."

கோடையில் வலது கால் இல்லாமல் வந்து சேர்ந்தார். பார்க்கப் போனேன்.

"ஒருத்தனும் எதிர்ல வந்து நிக்கல மாமே. எந்தக் கெணத்தாண்ட தண்ணிக்குப் போறோம், எப்பப் போறோம், எல்லாம் பாத்துகினே இருந்துருக்கான். அங்கயே குண்டப் பொதைச்சு வெச்சான். நாங்கதான் அவனப் பாக்கல."

சொம்புத் தண்ணீரை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"ஆஸ்பத்திரில பக்கத்துப் படுக்கைல அவங்க ஆளு ஒருத்தன். அடிபட்டுக் கெடந்தான். 'அண்ணை, தண்ணி'ன்னான். பல்லெல்லாம் வரிசையாத்தான் இருந்துச்சு."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அவர் கண்ணைக் கட்டி அனுப்பியதில் எனக்கும் பங்குண்டு.

பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது வடக்கே மலையில் இன்னொரு சண்டை. டிவியில் எதிரிநாட்டானைக் கேலி செய்கிறார்கள், வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எழுந்துபோய், அன்று பட்டறையில் மிஞ்சி என்னோடு வந்த அந்தச் சம்பு மூடிப் பலகையைப் புரட்டினேன். இத்தனை வருட ஈரத்தில் முகம், லுங்கி எல்லாம் உரிந்துவிட்டன. பல் மட்டும் போகவில்லை. அவ்வளவு ஆசையாக, மூன்று கோட்டு பெயின்ட் அடித்திருக்கிறேன்.