வெள்ளையாக விட்ட இடம்

வெள்ளிக்கிழமை வந்தால் அச்சியா பின்வரிசைக்கு நழுவிவிடுவாள். அன்றைக்குத்தான் அந்த வாரம் வரைகலைக் கல்லூரியில் வடிவமைத்த தாள்களையெல்லாம் வகுப்புச் சுவரில் குத்தி வைத்து, ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் எழுந்து நின்று அலச வேண்டும். கானா நாட்டுக் குமாசி நகரில் டயர் பஞ்சர் ஒட்டுகிற க்வாகு சேரெமேயின் மகளுக்குக் கை நன்றாக ஓடும், வாய்தான் ஓடாது. முதல் வருடம் முழுக்க அவள் எழுந்து நின்று சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா இருக்கு சார்."

"பொரிச்ச மீனத் தின்னுட்டுச் சொல்ற வார்த்த அது," என்பார் லார்ட்டே சார். "ஏன் நல்லா இருக்கு? கண்ணு மொதல்ல எங்க போகுது? அப்புறம் எங்க போகுது? அத அங்க அனுப்பி வெச்சது எது?"

லார்ட்டே தலைநகர் அக்ராக்காரர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கைக்காசு போட்டுப் பிள்ளைகளுக்குத் தாள் வாங்கித் தருவார். ஆனால் அவருக்கு ஒரே ஒரு பாடம்தான் தெரியும்: எதை எடுத்தாலும் தாள் விழாமல் நிற்கிறதோ, அதை எடுத்துவிடு. மிச்சம் இருப்பதுதான் வடிவமைப்பு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது லேசில் இறங்குகிற பாடமா? எங்கள் சுவர்களில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தால் அதில் யாராவது ஒரு பாதிரியார் படத்தை ஒட்டிவிட்டுப் போவார்.

அச்சியா விடவில்லை. கல்லூரிக்குப் போகும் ட்ரோட்ரோ வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முடிதிருத்தும் கடைப் பலகை, சோற்றுக்கடைப் பலகை, பிரார்த்தனைக் கூட்ட விளம்பரம் என்று ஒன்று விடாமல் மனதுக்குள் அலசிக்கொண்டே போனாள். இரண்டாம் வருடம் பாதியில் வாய் திறந்தது. திறந்தபின் மூட முடியவில்லை. அவள் அம்மா ஃபோரிவா தெருமுனையில் வாச்சே சோறு விற்கிறவள். ஒருநாள் அந்தக் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட அச்சியா பாதியில் எழுந்துவிட்டாள்.

"என்னடி, உப்புக் கூடிப்போச்சா?"

"சோத்துல ஒண்ணும் இல்லம்மா. பலகையில நாலு விதமான எழுத்து இருக்கு. பாத்தா தல சுத்துது."

"அதப் பாத்துதாண்டி பத்து வருசமா ஜனம் வருது. நீ பலகைக்கு முதுகக் காட்டி உக்காந்து தின்னு."

லார்ட்டே சாருக்கு எல்லாவற்றையும்விட ஆகாதது எங்கள் சாவுச் சுவரொட்டிகள். எது எதுவெல்லாம் செய்யக்கூடாது என்று காட்ட வேண்டுமானால் தெருவிலிருந்து ஒன்றை உரித்துக்கொண்டு வந்துவிடுவார். மேகத்துக்கு நடுவே செத்தவர் முகம், மேலே தங்க நிறத்தில் தலைப்பு, கீழே எறும்பு ஊர்வதுபோலப் பெயர்கள். குடும்பத் தலைவர், துக்கம் காக்கும் மூத்தவர்கள், விதவை, பிள்ளைகள், பேரன் பேத்திகள், ஜெர்மனியில் இருக்கிற மருமகன் வரைக்கும். வகுப்பே சிரிக்கும். இரண்டாம் வருடம் அச்சியாவும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் அச்சியாவின் அப்பா சேரெமே படுத்துவிட்டார். பெக்வாய் ஊர்ப்பக்கம் பிறந்த மனிதர். கொக்கோ நிலத் தகராறில் தன் தாய்வழிச் சொந்தத்தோடு பேச்சை முறித்துக்கொண்டு பதினோரு வருடமாக அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கூடப்பிறந்த அக்காள் செத்ததற்கும் போகவில்லை, அவ்வளவு ரோஷம். அந்த ரோஷமெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கரைந்து போயிற்று. ஃபோரிவாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன எங்கம்மா பக்கத்துல கொண்டுபோய்ப் போடு" என்றார். இரண்டு நாளில் போய்விட்டார்.

எங்களில் ஒருவன் செத்தால் அவன் உடல் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் சொந்தமில்லை. அவனைப் பெற்றவளின் வீட்டுக்குத்தான் சொந்தம். அவர்கள் வந்து தூக்கினால்தான் அது சாவு. அவர்களோ பதினோரு வருடக் கோபத்தில் இருந்தார்கள். ஃபோரிவா, மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் முன்னால் வைக்கும் ஷ்நாப்ஸ் சாராய பாட்டிலோடு மூன்று முறை பெக்வாய்க்கு நடையாய் நடந்தாள். குடும்பத் தலைவர் பாரிமாவின் முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டாள். முதல் இரண்டு முறை பாட்டில் திரும்பி வந்தது. மூன்றாம் முறை கிழவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

"பொணத்தோட என்ன கோவம்," என்றார். "நாங்க வர்றோம், எங்க மண்ணுலயே பொதைக்கலாம். ஒம்மக சுவரொட்டிப் படிப்புத்தான படிக்கிறா, அவளே அடிக்கட்டும். பேரெல்லாம் வரிசையா எழுதித் தர்றேன்."

பழைய நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாளில் நாற்பத்தாறு பெயர்கள் வந்தன. யாருக்கு முன்னால் யார், யாருக்கு என்ன பட்டம் என்று ஒருநாள் முழுக்க உட்கார்ந்து எழுதியிருந்தார்.

அச்சியா முதலில் வழக்கம்போலத்தான் அடுக்கினாள். அடுக்கிவிட்டுப் பார்த்தபோது அப்பாவின் முகம் பெயர்க் குவியலுக்கு மேல் மூச்சு முட்டிக் கிடப்பதாகப் பட்டது. அவளுக்குத் தாங்கவில்லை. தான் கற்றதில் சிறந்ததை அப்பாவுக்குத் தர வேண்டும் என்று நினைத்தாள், அதில் என்ன தப்பு? ஒவ்வொன்றாக எடுத்தாள். மேகத்தை எடுத்தாள், தங்கத்தை எடுத்தாள், கடைசியில் நாற்பத்தாறு பெயர்களையும் எடுத்துச் சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தின் இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டு போனாள். அப்பாவின் முகம், பெயர், நாள், இடம், சுற்றிலும் வெள்ளை. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அதைச் சுவரில் குத்தினாள். லார்ட்டே சார் எழுந்து கிட்டே வந்து நின்றார்.

"இதுல எடுக்க இனி ஒண்ணும் இல்ல," என்றார்.

இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. பக்கத்து இருக்கை செலாசி அவள் தோளைத் தட்டி, "உங்கப்பா இத எங்க இருந்தோ பாத்துக்கிட்டு இருப்பாரு" என்றான். அச்சியா அழுதாள். அன்று மாலையே அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தாளை விரித்துத் தடவிப் பார்த்தாள். "பேரெல்லாம் எங்கடி?"

"புத்தகத்துல இருக்கும்மா. ஒண்ணு விடாம."

"சுவத்துல?"

"சுவத்துல இருந்தா யாரும்மா நின்னு படிக்கப் போறா?"

பெக்வாயில் நின்று படித்தார்கள். வேலைக்குப் போகிறவர்களும் சந்தையிலிருந்து வருகிறவர்களும் அவரவர் பெயரை விரலால் தேடிக்கொண்டு நின்றார்கள். நூறு தாள் ஒட்டியிருந்தது, நூறிலும் விரல் வைக்க அவர்கள் பெயர் இல்லை. மூன்றாம் நாள் பாரிமா ஆள் அனுப்பினார். ஷ்நாப்ஸ் பாட்டிலும் அந்த ஆளோடு திரும்பி வந்தது.

தாயும் மகளும் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கிழவர் உட்காரச் சொல்லவில்லை. சுவரொட்டியை மடியில் விரித்து வைத்திருந்தார்.

"வெறும் மூஞ்சிய மட்டும் போட்டு யாரு தாள் ஒட்டுவாங்க தெரியுமா புள்ள? போலீஸ்காரன். கேக்க நாதியில்லாத பொணம் கெடச்சா இப்படித்தான் ஒட்டுவான். எங்க சேரெமே அநாதப் பொணம்னு நீ ஊரெல்லாம் ஒட்டியிருக்க."

"அப்படி நெனைச்சுச் செய்யல தாத்தா. எல்லாப் பேரும் புத்தகத்துல வருது. நாளைக்கே வேற அடிச்சு நானே கொண்டாந்து ஒட்டுறேன்."

"ஒட்டுனதக் கிழிக்கலாம். பாத்த கண்ண என்ன பண்ணுவ? விட்டுட்டு அப்புறம் சேத்த பேரு, பிச்ச கேட்டு வாங்கின பேரு." பாரிமா தாளை மடித்து அவளிடம் நீட்டினார். "எங்கள வேணாம்னு பதினோரு வருசம் அவன் வாயால சொன்னான். நீ அச்சுப் போட்டே சொல்லிட்ட. எடுத்துட்டுப் போ."

ஃபோரிவா மண்ணில் விழுந்து அவர் காலைப் பிடித்தாள். கிழவரும் அழுதார். ஆனால் மாறவில்லை. வீட்டில் மற்றவர்கள் இருக்கிறார்கள், அவர் ஒருவர் நினைத்தாலும் இனி நடக்காது என்பது அச்சியாவுக்குத் தெரிந்தது.

சேரெமேயைக் குமாசி நகராட்சி இடுகாட்டில் புதைத்தார்கள். பந்தலின் கீழ் நூற்றைம்பது பிளாஸ்டிக் நாற்காலி. பஞ்சர் கடைத் தெருக்காரர்களும் வாச்சே வாங்குகிறவர்களும் கொஞ்சம் பேர் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். செத்தவரின் சொந்தத்துக்கென்று விட்டிருந்த பக்கத்தில் ஒரு நாற்காலிகூட நிறையவில்லை. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் நாற்பத்தாறு பெயர்களும் வரிசை மாறாமல் இருந்தன. ஃபோரிவா மகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வருடக் கடைசியில் ஒவ்வொருவரும் தன் வேலையைத் தானே அலச வேண்டும். வெளியிலிருந்து பரிசோதகர் வந்திருந்தார். லார்ட்டே சார் அந்தச் சுவரொட்டியைத்தான் குத்தி வைத்திருந்தார்.

"சார், இது தோத்துப்போன வேல," என்றாள் அச்சியா.

"எங்க தோக்குது? கண்ணு எங்க தடுக்குது, காட்டு."

"கண்ணு எங்கயும் தடுக்கல சார். நாப்பத்தாறு பேர வரவழைக்கணும்னு அடிச்சது. ஒருத்தரும் வரல. வரவிடாம செஞ்சதே இந்த வெள்ளதான்."

லார்ட்டே சார் பரிசோதகரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "உன் துக்கம் எனக்குப் புரியுதும்மா. அது குடும்ப விஷயம். இங்க தாளப் பத்திப் பேசு."

படிக்க வந்ததிலிருந்து அவள் சொன்ன ஒரே உருப்படியான விமர்சனம் அது. அதைக் கேட்கத்தான் அங்கே ஆளில்லை. சரி என்று தாளைப் பற்றிப் பேசினாள். முகத்தின் கனம், எழுத்தின் அளவு, இடைவெளி, கண் போகும் வழி. பத்து நிமிடம், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. வகுப்பிலேயே அதிக மதிப்பெண்.

கண்காட்சியில் அதை வாசலுக்கு நேராக ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டினார்கள். மகள் படிப்பை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஃபோரிவா வந்தாள். துக்கத் துணி இன்னும் மாற்றவில்லை. புருஷன் முகத்தின் முன்னால் முப்பது நாற்பது பேர் அமைதியாக நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இவங்கள்லாம் யாருடி?"

"பாக்க வந்தவங்கம்மா."

"அப்பாவுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லம்மா. ஒருத்தருக்கும் தெரியாது."

ஃபோரிவா தோள்துணியைச் சரிசெய்துகொண்டாள். அச்சியா தடுப்பதற்குள் வலதுகோடியில் நின்றவரிடம் போய்க் கையை நீட்டினாள். அங்கிருந்து இடப்பக்கமாக, சாவு வீட்டில் செய்வதுபோல, ஒருவரையும் விடாமல் வரிசையாகக் கைகுலுக்கி, வந்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டே போனாள்.