மூலையில் குதித்த விளம்பரமும் காணாமல் போன நகைப்பெட்டியும்

சென்ற ஆண்டு முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, எம்சி என்று நாங்கள் சொல்லும் நீண்ட மருத்துவ விடுப்பில் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் நான் முடங்கிக் கிடந்தபோது நடந்தது இது. கிள்ளானில் ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் எந்த லோரி எங்கே போக வேண்டும் என்று பார்த்து அனுப்புவது என் வேலை. நாள் முழுக்க டிரைவர்களோடு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று கத்த ஆளில்லாமல் போய்விட்டது. மனைவி காலையிலேயே பங்சாரில் இருக்கும் தன் அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவாள். மகள் பினாங்கில் தங்கிப் படிக்கிறாள். எனக்குத் துணை ஹாலில் இருந்த பழைய கணினிதான். செய்தி படிப்பேன், பழைய பாட்டு கேட்பேன், அப்படியே நாற்காலியில் தூங்கியும் விடுவேன்.

ஒரு நாள் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரையின் மூலையில் ஒரு பெட்டி குதித்தது. தங்கக் காசுகள் கொட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பெண் சிரித்தபடி, இலவச கிரெடிட் தருகிறேன், வந்து விளையாடு என்று கூப்பிட்டாள். இணையச் சூதாட்டம். மூடினேன். அடுத்த பக்கத்துக்குப் போனால் அங்கேயும் வந்தாள். அதற்கடுத்த நாள் நான் எதையும் தொடாமலே புதுப் பக்கங்கள் தானாகத் திறந்துகொண்டன. எல்லாம் சூதாட்டப் பக்கங்கள்.

வேறு வீடாக இருந்தால் இது வெறும் தொல்லை. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. என் மாமனார் குதிரைப் பந்தயத்திலும் நம்பர் லாட்டரியிலும் இருந்ததையெல்லாம் விட்டவர். என் மனைவி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுடைய அம்மாவின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. என் மாமியார் கடைசி வரை வெறும் மஞ்சள் கயிற்றோடுதான் இருந்தார். அதனால் தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் விளையாட்டாகச் சீட்டுக்கட்டை எடுத்தால்கூட என் மனைவி முறுக்குத் தட்டோடு சமையலறைக்குள் போய்விடுவாள். அவர்கள் கிளம்பும் வரை வெளியே வரமாட்டாள்.

அவள் அந்த விளம்பரத்தை முதலில் பார்த்தது ஒரு சாயங்காலம். மின்சாரக் கட்டணம் கட்ட உட்கார்ந்தாள், காசு கொட்டியது. "என்னாங்க இது?" என்றாள். "யாருக்குத் தெரியும், தானா வருது லா" என்றேன். அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

சரி, இதை ஒரு கை பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். முதல் காரியமே கோணலாகப் போனது. ‘உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, சுத்தம் செய்ய இங்கே அழுத்துங்கள்’ என்று ஒரு பெட்டி வந்தது. நல்ல மனசுக்காரன் எவனோ உதவிக்கு வந்திருக்கிறான் என்று நம்பி அழுத்தினேன். அழுக்கு ஆடையைச் சாக்கடையில் துவைத்த கதையாகிவிட்டது. இருந்த விளம்பரம் போதாதென்று, தேடுகிற பக்கமும் மாறிப் போய், இன்னும் இரண்டு விளம்பரங்கள் சேர்ந்துகொண்டன.

அதன் பிறகு நிதானமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். கணினியில் இருக்கும் மென்பொருள்களைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தி, சமீபத்தில் வந்து உட்கார்ந்த அந்தச் ‘சுத்தம் செய்யும்’ சாமானை நீக்கினேன். பிறகு பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் பகுதியைத் திறந்தேன். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி மென்பொருள்களுக்குத்தான் அந்தப் பெயர். அங்கே வீடியோ பிளேயர் என்று சொல்லிக்கொண்டு ஒன்று இருந்தது. நான் போட்டதில்லை, மனைவியும் போட்டதில்லை. நீக்கினேன். காசு கொட்டுவது நின்றது. அன்றைக்கு எனக்கு நானே ஒரு தே தாரிக், நுரை வர இழுத்து ஆற்றிய பால் தேநீர், கலக்கிக் கொண்டாடினேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் அது திரும்பி வந்துவிட்டது. அதே வீடியோ பிளேயர், அதே பெண், அதே சிரிப்பு. நீக்கினேன். அடுத்த நாளும் வந்தது. நீக்குவதும் அது வருவதுமாக அந்த வாரம் முழுக்கப் போனது.

இதற்கிடையில் மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாடு வரும், மாத்திரை வரும், பேச்சு மட்டும் வராது. முட்டியைப் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு நாள் மருத்துவமனை அட்டையைத் தேடி அலமாரியைத் திறந்தேன். நகைப்பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. திருடன் வந்துவிட்டான் என்றே முடிவு செய்து, மனைவிக்குப் போன் போட்டேன்.

"நகைப்பெட்டியக் காணோம்!"

"அது அக்கா வீட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அவளுடைய அக்கா சுங்கை வேயில் இருக்கிறார். நகையை எதற்காக அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும்? நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். பிறகுதான் காரணம் புரிந்தது. அவள் கணக்கில், வீட்டில் இருந்த திருடன் நான்தான்.

சாயங்காலம் அவள் வந்ததும் கேட்டேன். அவள் சண்டை போடவில்லை. கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கணினியின் முன்னால் உட்கார்ந்து, பிரவுசரில் இதுவரை பார்த்த பக்கங்கள் பதிவாகும் இடத்தைத் திறந்து காட்டினாள். வரிசையாகச் சூதாட்டப் பக்கங்கள். எல்லாம் வேலை நாள்களில், காலை வேளைகளில், அவள் அலுவலகத்திலும் நான் தனியாக வீட்டிலும் இருந்த நேரங்களில் திறக்கப்பட்டவை.

"நான் ஆபீஸ்ல இருக்கேன். இதெல்லாம் யாருங்க பாத்தா, பேயா?"

"சத்தியமா நான் இல்ல."

"எங்கப்பாவும் அம்மா தலையில அடிச்சிதான் சத்தியம் பண்ணுவாரு."

என் பேச்சை நானே நம்பாத அளவுக்கு அந்தத் திரை சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நாற்காலியில் தூங்கும்போது கை பட்டுத் திறந்திருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

மறுநாளே கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு டாக்சியில் ஏறி, பக்கத்துத் தெருவில் இருக்கும் கடைக்குப் போனேன். "பாஸ், ஃபார்மட் அடிச்சிருவோம் லா. எல்லாம் அழிஞ்சி புதுசா ஆயிரும்" என்றார் கடைக்காரர். அழியட்டும் என்றேன். படங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, சொன்னபடியே துடைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி பிரவுசரில் தன் அக்கவுண்டையும் பாஸ்வேர்டையும் போட்டாள். அவள் சேமித்து வைத்திருந்த பக்கங்கள், பாஸ்வேர்டுகள் எல்லாம் தானாகவே வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. "பரவால்லையே, ஒண்ணும் போவல" என்றாள். பல நாள் கழித்து அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பைப் பார்த்தேன்.

ஆனால் ஒன்றும் போகவில்லை என்பதுதான் வினையே என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. இரண்டு நாள்கூட ஆகவில்லை, திரையில் காசு கொட்டியது. அவள் பார்த்தாள். எழுந்து போய்த் திரையை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

கணினியை ஜன்னல் வழியாகக் கீழே எறிந்துவிடலாமா என்று பார்த்தேன். முட்டி இடம் கொடுக்கவில்லை. கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. மகள் வளர்ந்து பல்கலைக்கழகம் போகும் வரை என்னோடு வாழ்ந்தவளிடம், நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று காட்ட என்னிடம் எதுவுமே இல்லை.

அந்தச் சனிக்கிழமை என்னை முட்டிப் பயிற்சிக்கு அழைத்துப்போய்விட்டுத் திரும்பும்போது, அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார் என்று மனைவி காரைச் சுங்கை வே பக்கம் திருப்பினாள். எனக்கு அங்கே போகவே மனமில்லை. அக்காவுக்கு விஷயம் தெரியுமா, எதைச் சொல்லி நகையைக் கொடுத்திருப்பாள், எந்த முகத்தோடு அங்கே சோற்றில் கை வைப்பது என்றெல்லாம் குடைந்துகொண்டிருந்தது.

அக்கா எப்போதும்போலத்தான் இருந்தார். காலை நீட்டி உட்கார எனக்கொரு நாற்காலி போட்டார். அது அவர்கள் வீட்டுக் கணினிக்குப் பக்கத்தில் இருந்தது. மனைவி சமையலறையில் கருவாட்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, வந்தது வந்தீங்க, இதக் கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்" என்றார் அக்கா. "நாடகம் பாக்க உக்காந்தா சும்மா சும்மா காசு கொட்டுது."

நான் திரும்பிப் பார்த்தேன். அதே தங்கக் காசு. அதே பெண். சொந்தக்காரியைப் பார்த்ததுபோல ஆகிவிட்டது எனக்கு. அதைவிட ஆச்சரியம், பிரவுசரின் மேல் மூலையில் சின்ன வட்டத்துக்குள் என் மனைவியின் முகம். மகளின் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பச்சைப் புடவையில் நான் எடுத்த படம் அது.

"இங்க எப்படி ஒன் படம் வந்துச்சு?" என்று சமையலறையைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என் அக்கவுண்டு லா அது. அக்கா கம்ப்யூட்டர் வாங்கனப்ப நாந்தான் போட்டுக் குடுத்தேன். அக்கா தங்கச்சிக்குள்ள எதுக்கு ரெண்டு?"

அதுவும் சரிதான். இட்லிச் சட்டியிலிருந்து பட்டுப்புடவை வரை அந்த இரண்டு வீட்டுக்கும் எல்லாமே ஒன்றுதான். எக்ஸ்டென்ஷன் பகுதியைத் திறந்தேன். வீடியோ பிளேயர் அங்கே உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இத யாரு போட்டது?"

"நாந்தான். இத போட்டாதான் நாடகம் ஓடும்னு வந்துச்சு, அமுக்கனேன். ஆனா தம்பி, நானும் போடறேன் போடறேன், அது தானா காணாம போவுது! மறுபடியும் போட வேண்டியதா இருக்கு. எவன் வந்து எடுக்கறான்னே தெரியல."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா பயந்துபோய் என்னைப் பார்த்தார். எடுத்தவன் நான்தான். ஒரே அக்கவுண்ட் என்பதால், பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நீக்கினால் சுங்கை வேயிலும் அது மறைந்துவிடும். நாடகம் ஓடவில்லையே என்று அக்கா மறுபடி போட்டால், எங்கள் வீட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். முகம் தெரியாத எதிரி என்று நினைத்து நானும் அக்காவும் நாள் கணக்கில் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். கடைக்காரர் கணினியைத்தான் துடைத்தார். அக்கவுண்டில் இருந்தது அப்படியே இருந்தது.

"நாடகம் எப்பக்கா பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"காலையில பசியாறிட்டு, வீட்டுக்காரரு வேலைக்குப் போன பெறகுதான். வேற எப்ப நேரம்?"

நான் என் மனைவியைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று தெரியும். அவள் எனக்குக் காட்டிய அதே பதிவை அக்காவின் கணினியில் திறந்து வைத்தேன். அதே பக்கங்கள், அதே காலை வேளைகள். அக்கா ஒவ்வொரு முறை நாடகத்தைத் திறந்தபோதும் கூடவே தானாகத் திறந்துகொண்டவை, எங்கள் வீட்டுக் கணினியிலும் பதிவாகியிருக்கின்றன. அவள் என் நாற்காலியின் கைப்பிடியில் மெல்ல உட்கார்ந்தாள். சமையலறையில் குழம்பு அடிபிடிக்கும் வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

சாப்பிட்டு முடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். அந்தப் பிளேயரையும் அதோடு சேர்ந்து நுழைந்திருந்த வேறு இரண்டு மென்பொருள்களையும் நீக்கினேன். அறிவிப்பு அனுப்பலாம் என்று அக்கா தெரியாமல் அனுமதி கொடுத்திருந்த பக்கங்களையெல்லாம் தடை செய்தேன். மனைவியின் அக்கவுண்டை அங்கிருந்து வெளியேற்றி, அதன் பாஸ்வேர்டை மாற்றி, அக்காவுக்குத் தனியாக ஒன்று திறந்து கொடுத்தேன். அவருக்கு அது கொஞ்சம் வருத்தம். தனிக்குடித்தனம் வைத்துவிட்டேனாம். காசு கேட்காமல் நாடகம் காட்டும் ஒழுங்கான பக்கம் ஒன்றைத் தேடி வைத்த பிறகுதான் சமாதானமானார். ‘இதைப் போட்டால்தான் ஓடும்’ என்று எந்தப் பக்கம் சொன்னாலும் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது மனைவி அக்காவின் அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. பழைய துண்டில் சுற்றிய நகைப்பெட்டி உள்ளே இருப்பது தெரிந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று விளம்பரம் புறப்பட்ட வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். வேறு சமயமாக இருந்தால் இதைச் சொல்லி ஒரு மாதத்துக்குக் கேலி செய்திருப்பேன். அன்றைக்கு நொண்டிக்கொண்டே முன்னால் போய், அவளுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

காரில் ஏறியதும் பையை என் மடியில் வைத்தாள். "புடிச்சிக்குங்க. கீழ வெக்காதீங்க" என்றாள்.

ஃபெடரல் ஹைவேயில் ஜாம். கார் நகரவே இல்லை. அவள் முன்னால் நின்ற லோரியையே பார்த்துக்கொண்டு, "எங்கம்மா கழுத்துல கெடந்த அந்த மஞ்சக் கயிறத்தாங்க நான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒங்கள பாக்கல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் கையைத் தொட்டேன்.

பெட்டி சரியாக வலிக்கிற முட்டிக்கு மேலே அழுத்திக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போயிற்று. பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேரும் வரை நான் பையை அசைக்கவில்லை. முட்டி இப்போது நன்றாகிவிட்டது, திரையில் காசு கொட்டுவதும் நின்றுவிட்டது. ஆனால் ஒருவர் நம்மை நம்புகிறார் என்ற பேச்சு எங்கே வந்தாலும், அந்தத் துணிப்பையின் கனத்தை இன்றும் என் மடியில் உணர்கிறேன்.