லோறென்ஸ்கூக்கில் ஒரு மான் பங்கு

வியாழக்கிழமை பின்னேரம் ஒஸ்லோ விமான நிலையத்தில் இறங்கி ஒரு கோப்பி வாங்கினேன். ஐம்பத்தைந்து குரோனர். இலங்கைக் காசில் மாற்றிப் பார்த்த பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அங்கிருந்து அக்கா வீடு இருக்கும் லோறென்ஸ்கூக்குக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். அத்தான் காரோடு வந்திருந்தார். வழியெல்லாம் காடு, நாலரை மணிக்கே இருட்டு.

“வீட்டிலை ஒரு பிரச்சினை, பிள்ளை. கராஜுக்குள்ளை மான் தொங்குது,” என்றார் அத்தான்.

அக்காவின் மகள் வள்ளிக்கும் ஒரு நோர்வேக்காரப் பெடியனுக்கும் கலியாணப் பேச்சு நடக்கிறது. பெடியனின் தகப்பன் ஓலாவ் வேட்டைக்காரர். பெண் வீட்டாருக்குப் பரிசாகத் தான் சுட்ட மானைத் தோலோடும் தலையோடும் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார். குளிரில் ஐந்து நாள் தொங்கினால்தான் இறைச்சி பதப்படுமாம். அக்கா கந்தசஷ்டி விரதம் பிடிப்பது அவருக்கு எங்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை சூரன் போர். அக்கா பாலும் பழமுமாக இருந்தார். கராஜ் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

“வள்ளியம்மையைப் பெத்ததே ஒரு மான். அந்தப் பேரை வைச்ச பிள்ளையின்ர வீட்டிலை மானை வெட்டுறதோ? அந்த மனிசனை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கோ.”

இரவு வள்ளி என் அறைக்கு வந்தாள். “திருப்பிக் குடுத்தா அவை எங்களை வேண்டாம் எண்டு நினைப்பினம், சித்தி,” என்றாள். கண் சிவந்திருந்தது. தலையைத் தடவிவிட்டேன்.

சனிக்கிழமை பாறணையோடு விரதம் முடிந்தது. அக்காவின் மனம் இளகவில்லை. ஞாயிறு காலை ஓலாவ் கத்திகளைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். நல்ல உயரம், பேச்சுக் குறைவு. ‘கொண்டுபோங்கோ’ என்று சொல்லத்தான் அக்கா கராஜ் வாசலுக்கு வந்தார். அப்போதுதான் முதல்முறையாக மானைப் பார்த்தார். அதன் பல்லிடுக்கில் ஒரு பச்சைக் கொப்பு இருந்தது.

“அதென்ன வாய்க்குள்ளை?”

வள்ளி ஓலாவிடம் கேட்டுவிட்டுத் திரும்பினாள். “கடைசிச் சாப்பாடாம், அம்மா. சுட்ட உடனை கொப்பு முறிச்சு வாயிலை வைப்பாராம். அவற்ற அப்பா பழக்கினதாம். வைக்காமல் காட்டிலையிருந்து தூக்கமாட்டாராம்.”

அக்கா கிட்டப் போய் அந்தக் கொப்பைத் தொட்டுப் பார்த்தார்.

“வாய்க்கரிசி போட்டிருக்கிறார்,” என்றார் பிறகு. “சரி, வெட்டுங்கோ. முருகன் கோவிச்சா நான் கதைச்சுக்கொள்ளுறன்.”

தோல், சட்டை கழற்றுவது போல வந்தது. சமையலறை மேசையில் ஓலாவ் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து வைத்தார். முதுகிறைச்சி வெண்ணெயில் பொரிக்க, பின்தொடை முழுதாக ஓவனில் வேக, கழுத்து மெல்லிய சூட்டில் நெடுநேரம் அவிய. அத்தானுக்குப் பொறுக்கவில்லை. ஊரில் நாலு வீட்டார் சேர்ந்து கிடாய் அடித்தால் பங்கு இறைச்சிதான். எல்லாவற்றையும் எலும்போடு கொத்தி, ஒவ்வொரு பங்கிலும் எல்லாத்திலும் கொஞ்சம் விழவேண்டும். அவர் பெரிய கத்தியை ஓங்க, ஓலாவ் முதுகிறைச்சியின் மேல் கையை வைத்து மூடினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் முதுகும் பின்தொடையும் ஓலாவின் முறைக்கு, மிச்சம் அத்தானின் கத்திக்கு என்று முடிந்தது.

கொத்தியதை அத்தான் மூன்று தட்டில் பங்கு வைத்தார்: வீட்டுக்கு ஒன்று, எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் தன் தம்பிக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று. அக்கா நாலாவது தட்டோடு வந்தார்.

“சம்பந்திக்கு எங்கை பங்கு?”

“அவர்தானே கொண்டுவந்தவர்,” என்றார் அத்தான்.

“கொண்டுவந்தவருக்குப் பங்கில்லையோ?”

மூன்று தட்டிலிருந்தும் அள்ளி நாலாவதை நிரப்பி நீட்டினார். ஓலாவ் இரண்டு கையாலும் வாங்கினார். வள்ளி யன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள்.

புதன்கிழமை புறப்பட்டேன். எங்கள் ஊரில் சம்பந்திமார் பழத்தட்டோடு வருவார்கள், ஒரு குறையோடு போவார்கள். ஓலாவ் மானோடு வந்தார், அதிலேயே ஒரு பங்கோடு போனார். விமான நிலையத்தில் அக்கா என் பெட்டியை இறக்கித் தந்து, “சித்திரைக்குப் பிறகு நாள் பாக்கப்போறம். ரிக்கற்றை இப்பவே போட்டுவை,” என்றார்.