மேனேஜர் மடியில் ஒரு ஹார்ட் டிஸ்க்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூர் சிப்காட்டில் லாரி ஸ்பிரிங் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். ஓசூர்க் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. டிசம்பர் வந்தால் புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. இந்த லட்சணத்தில், கம்பெனியிலேயே ஏசி வைத்த ஒரே அறை என்னுடையது.

ஏசி எனக்காக அல்ல, கம்ப்யூட்டருக்காக. பெங்களூரில் யாரோ கழித்துப் போட்ட பழைய பெட்டி அது. விற்றவர் போகிற போக்கில், "எவ்வளவு குளிர்ச்சியா வெச்சுக்கிறீங்களோ அவ்வளவு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிங்காரப்பேட்டைக்காரரான எங்கள் மேனேஜர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். சாயங்காலம் நான் கம்ப்யூட்டரை அணைத்தாலும் ஏசியை அணைக்க விடமாட்டார்.

"ஓடட்டும் வுடும்மா. பகலெல்லாம் உழைச்ச மிசினு" என்பார். ஏசிக் காற்று நேராகப் பெட்டியின் மேல்தான் விழும்.

ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. ஃபேன் சுற்றியது. திரையில் எண்கள் ஓடின. பிறகு, ஹார்ட் டிஸ்க்கைக் காணோம் என்று ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிட்டது.

"என்னாம்மா பண்ணுன?"

"நான் ஒண்ணும் பண்ணலை சார். சுவிட்சைப் போட்டேன், அவ்வளவுதான்."

அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். யோசித்தார். "சூடாயிருக்கும்" என்று ஏசியை இன்னும் கூட்டி வைத்தார்.

பெங்களூரிலிருந்து சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்தோம். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். உச்சிவெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து வந்து அறைக்குள் நுழைந்தவருக்கு வேர்வையும் குளிரும் சேர்ந்து தும்மல் பிடித்துக்கொண்டது. "ஃபர்ஸ்ட் இதை ஆஃப் மாடி சார்" என்று ஏசியை நிறுத்தச் சொன்னார். காபி வந்தது. ஊர்க்கதை பேசினார்கள். சாவகாசமாக அவர் சுவிட்சைப் போட, கம்ப்யூட்டர் சமர்த்தாக உயிர்பெற்றது.

"நல்லாத்தானே இருக்கு?" என்று என்னைப் பார்த்தார். மேனேஜரும் என்னைத்தான் பார்த்தார்.

மறுநாள் காலையில் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி போன், மறுபடி பஸ், தும்மல், காபி. மறுபடியும் அது சமர்த்தாக எழுந்துகொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேனேஜர் மட்டும் தெளிவாக ஒரு முடிவுக்கு வந்தார். "உங்க மூஞ்சிக்குத்தான் சார் அது பயப்படுது. ஒரு ராத்திரி இங்கியே தங்கிடுங்க. காத்தால வந்து அது பண்ற அக்கிரமத்த நீங்களே பாருங்க."

அடுத்த தடவை அவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் தங்கி, காலையில் எனக்கும் முன்னால் வந்து நின்றார். நல்ல நேரம் பார்த்து வந்தார். வெளியே சரக்கு ஏற்றிய லாரி ஒன்று பில்லுக்காகக் காத்திருந்தது. கம்ப்யூட்டர் வந்த பெருமையில் கையால் எழுதும் பில் புத்தகங்களையெல்லாம் மேனேஜர் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தார்.

சுவிட்சைப் போட்டேன். அதே வரி.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று மேனேஜர் துள்ளினார். கம்ப்யூட்டர் கெட்டுப்போனதில் அப்படி ஒரு சந்தோஷம். நானும்தான் துள்ளினேன்.

இன்ஜினியர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "டிஸ்க் சுத்தவே இல்ல." திருகுகளைக் கழற்றி டிஸ்க்கைத் தொட்டவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "என்ன சார் இது, குல்ஃபி மாதிரி இருக்கு? பழைய டிஸ்க். குளிர்ல உள்ள ஆயில் கெட்டியாகி ஒட்டிக்கிச்சு. யார் இப்படி ஏசி போட்டது?"

எனக்கு மேனேஜரைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஸ்வெட்டர் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப என்னா சார் பண்றது?" என்றார் மேனேஜர், ரொம்பச் சின்னக் குரலில்.

"சூடு பண்ணணும். அடுப்பு, ஹீட்டர் எல்லாம் வேண்டாம். உடம்புச் சூடு போதும்."

மேனேஜர் டிஸ்க்கை வாங்கி, தன் ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜில்லென்று பட்டதில் ஒரு தரம் உடம்பு சிலிர்த்தது. லீவு கேட்க வந்த ஃபிட்டர் ஒருவர் அந்தக் கோலத்தைப் பார்த்து, "வயித்து வலிங்களா சார்? சோடா வாங்கியாரட்டா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல, போப்பா. லீவு எடுத்துக்க."

அந்தக் காலை முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் லீவு கிடைத்தது. லாரி டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பில்லு ஆயிடுச்சா சார்?" என்றார். "சூடாயிக்கினு இருக்குப்பா" என்றார் மேனேஜர். டிரைவர் டிபனைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் இன்ஜினியர் டிஸ்க்கை வாங்கி, உள்ளே ஒட்டியது விடட்டும் என்று மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பி, பெட்டியில் மாட்டினார். சுவிட்சைப் போட்டேன். 'கொய்ங்' என்று அது சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டதும் மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பில் அடித்து லாரியை அனுப்பிவிட்டு, இன்ஜினியர் சொன்னபடி எல்லாவற்றையும் ஃபிளாப்பிகளில் நகல் எடுத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பொங்கல் கழிந்து புது டிஸ்க் வந்தது.

அதற்குள் சிப்காட் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. பக்கத்துக் கம்பெனியிலிருந்து போன்: "எங்க கம்ப்யூட்டரும் கிளம்ப மாட்டேங்குது. உங்க மேனேஜரைக் கொஞ்சம் அனுப்புவீங்களா?" நல்ல வெயில் நேரம். அவர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, "நீயும் வாம்மா" என்று கிளம்பினார்.

அங்கே யாரோ ஃபிளாப்பியை உள்ளேயே விட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் அதிலிருந்து கிளம்பப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றது. நான் ஃபிளாப்பியை எடுத்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டினேன். சரியாகிவிட்டது.

எல்லாரும் மேனேஜரைத்தான் மரியாதையோடு பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனிமே ரூம்ல ஏசி போடாதீங்க" என்றார்.

"எங்ககிட்ட ஏசியே இல்லீங்களே."

"அப்ப சரி" என்றார், கொஞ்சமும் அசராமல். அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம்.