பதினொன்று என்ற நல்ல நம்பர்

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிவிட்டு எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வரைக்கும் நடந்த பிறகும், கேஸை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். ஆனால் வீட்டுக்காரருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொல்லி மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு, ஐந்து மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் ஒரு நம்பர். இந்த நோய்க்காரர்களின் ரத்தத்தில் ஒரு புரோட்டீனை அளப்பார்கள். ஏறினால் நோய் ஏறுகிறது, இறங்கினால் மருந்துக்குக் கட்டுப்படுகிறது. என் படிப்பு ஃபாரம் டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு சரி. எனக்கு இவ்வளவு புரிந்ததே போதும் என்று இருந்துவிட்டேன்.

கீமோ வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற நாங்கள், பரீட்சை முடிவு வந்த பிள்ளைகள் மாதிரி விசாரித்துக்கொள்வோம்.

"உங்க வீட்டுக்காரருக்கு எத்தனை அக்கா?" பூச்சோங்கிலிருந்து அண்ணனைக் கூட்டிவருகிற பெண் கேட்பாள்.

"பதினொன்னு."

"ஐயோ, எங்கண்ணனுக்கு ரெண்டாயிரம் லா!"

பாவமாக இருக்கும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். என் வீட்டுக்காரர் சிரிப்பார். "ஸ்கூல்ல கம்மியா வாங்கினா அடி. இங்க கம்மியா வாங்கினா கொண்டாட்டம்."

கிள்ளான் துறைமுகத்தில் இருபது வருஷம் லோரி ஓட்டியவர். கீமோ நடுவில் முதுகு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். டாக்டரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவர் தொடையில் கிள்ளினேன். "லோரி ஓட்டின முதுகு, டாக்டர்" என்று நானே முந்திக்கொண்டேன். வெளியே வந்ததும் சண்டை.

"நம்பர் நல்லா இருக்கும்போது எதுக்கு இல்லாததைக் கிளப்புறீங்க?"

அடுத்த இரண்டு தடவையும் அவர் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் முழுக்கப் பரவியிருந்தது.

"பதினொன்னுதானே டாக்டர்?" என்றேன்.

"சிலர் உடம்பு அந்தப் புரோட்டீனைப் பேருக்குத்தான் செய்யும் ஆன்டி. பிறவியிலேயே அப்படி. நோய் எவ்வளவு முத்தினாலும் நம்பர் ஏறாது. நம்பரை மட்டும் நம்பக்கூடாதுன்னுதான் வலி இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

கேட்டார். உண்மைதான்.

இவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டாக்சியில் ஏறி உட்கார்ந்ததும், "இப்பவாச்சும் வலிக்குதுன்னு சொல்லலாமா?" என்றார். கிண்டலா, கோபமா என்று பார்த்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தார். தினமும் சொன்னார். தினமும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.